இடது பக்கம் வருகிறவள்

மார்ச் 9

பனி விட்டபாடில்லை. ஊற்றின் மேல் ஏடு கட்டியிருந்ததைக் கோடாரியால் உடைத்துத்தான் தண்ணீர் எடுத்தேன். வறட்டி அடுக்கும் இறங்கிக்கொண்டே வருகிறது. மடத்து நாய்கள் கூடவே வந்தன. கறுப்பிக்கு வயிறு தொங்குகிறது, இந்த வாரம் குட்டி போட்டுவிடுவாள். மீந்த மாவை வெண்ணெய் போட்டு உருட்டி அவளுக்குக் கொடுத்தேன். பல்கி பார்த்துவிட்டாள். “நமக்கே மாவு இல்ல. நாய்க்கு மசக்கை விருந்தா?” ஒரே அறையில் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவள் திட்டாத நாளில்தான் எனக்குப் பயம் வரும்.

மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கேன் வண்டி வருகிறதாம். பிக்குணிகள் எல்லோரும் வயிற்றைக் காட்ட வேண்டுமாம். பல்கி மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 11

சமையற்கூடத்தில் திரை கட்டி ஒவ்வொருவராகப் படுக்க வைத்தார்கள். அந்தக் குளிர்ந்த பசையை வயிற்றில் தடவியதும் ஒருத்தி கூச்சல் போட, வரிசை முழுக்கச் சிரிப்பு. டாக்டர் லுமோ எங்கள் மேய்ச்சல் நிலத்துப் பெண்தான். எங்கள் பேச்சுதான் பேசுகிறாள். எல்லோருடனும் சேர்ந்து அவளும் சிரித்தாள்.

என் வயிற்றில் கருவியை வைத்ததும் அவள் சிரிப்பு நின்றது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

“ஜோமோ, வலது பக்கம் கனமா இருக்கா?” பிக்குணிகளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“கொஞ்ச நாளா. வயசாயிடுச்சு, அதான்.”

“நாப்பத்தொண்ணு ஒரு வயசா?”

திரையைத் திருப்பிக் காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேகத்துக்குள் ஒரு பொந்து, ஓரமெல்லாம் பிய்ந்த மாதிரி.

“கல்லீரல்ல கட்டி இருக்கு. முஷ்டி அளவு.”

“புத்துநோயா?”

“புத்து இல்ல. புழு. ஆனா புத்து மாதிரிதான் நடந்துக்கும்.”

திரைக்கு வெளியே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 12

இன்று ரத்தம் எடுத்தபோது விவரமாகச் சொன்னாள். காட்டெலியை நாயும் நரியும் தின்கின்றன. எலியிலிருந்த புழு நாயின் குடலில் வளர்கிறது. அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாது. நாயின் மலத்தில், ரோமத்தில், பிறகு தண்ணீரில், நம் கையில், மாவில். உள்ளே போனால் கல்லீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். “பத்து வருஷம்கூட சத்தம் போடாம இருக்கும், ஜோமோ. அப்புறம் பக்கத்துல பரவும். ரத்தத்தோட நுரையீரலுக்கும் போகும். வேற இடத்துக்கும் போகும்.”

வேறு இடம் எது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பத்து வருடம் முன்பு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தண்ணீர் சுமந்தேன். நாய்களுக்குச் சோறு போட்டேன். பக்கத்தில் இன்னொரு குடத்தோடு சாம்டென் நடந்து வருவாள்.

மார்ச் 13

சாம்டெனின் கண்கள் மஞ்சளாக இருந்தன.

மார்ச் 20

எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதிவிட்டால் போய்விடுமா? பார்க்கலாம்.

சாம்டென் எங்கள் அறையில் மூன்றாமவள். ஜன்னல் ஓரப் படுக்கை அவளுடையது. முதலில் அரிப்பு வந்தது. பிறகு கண் மஞ்சளானது, வயிறு உப்பியது, கடைசியில் வலிப்பும் வந்தது. அதற்கு முந்தைய கோடையில் சமையற்கூடத்துத் துணிகளை அவள் ஊற்றுக் கண்ணிலேயே அலசியிருந்தாள். ஊற்றில் இருக்கும் நாகம் கோபித்துக்கொண்டுவிட்டது என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று கேட்டால் எல்லோரும்தான். பல்கி கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள், அவ்வளவே வித்தியாசம். பூசைகள் நடந்தன. ஊற்றில் பால் ஊற்றினோம். சாம்டென் அதையே நம்பினாள். “என்னாலதான். மன்னிச்சுடச் சொல்லு, தாம்ச்சோ. நீ போய்க் கேளு” என்பாள். மன்னிப்புக் கேட்க நான் ஊற்றுக்கும் போனேன்.

கடைசி மாதம் முழுக்கச் சுவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள். அங்கே யார் என்று கேட்டால் செத்துப்போன தன் அம்மா என்பாள்.

மூன்று குளிர்காலம் ஆகிறது. தான் பாவி என்று நினைத்துக்கொண்டே போனாள்.

மார்ச் 28

டாக்டர் மாத்திரை கொடுத்தனுப்பினாள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் அதே பூச்சி மாத்திரைதான், ஆனால் காலையும் மாலையும், நிறுத்தாமல். என் பையிலேயே கிடக்கிறது. உயிர்க்கொலை செய்யமாட்டேன் என்று விரதம் எடுத்தவள் நான். உள்ளே இருப்பதும் உயிர்தானே? எல்லா உயிரும் ஏதோ ஒரு பிறவியில் நமக்குத் தாயாக இருந்தது என்று தினம் ஓதுகிறோமே?

பல்கியிடம் சொன்னேன். “உங்கம்மாவா இருந்தா சொல்லாம கொள்ளாம வந்து பத்து வருஷம் உக்காருவாளா?”

“உட்காருவா. எங்கம்மாவை உனக்குத் தெரியாது.”

சிரித்துவிட்டோம்.

ஏப்ரல் 2

லாமாவிடம் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். “டாக்டர் சொன்னதைச் செய்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த வண்டி மறுபடி எப்ப வரும்? எனக்கும் இந்தப் பக்கம் கொஞ்ச நாளா...” என்று அங்கிக்கு மேலே கையை வைத்துக் காட்டினார்.

பாவம், அவருக்கும் பயம்.

ஏப்ரல் 6

தம்பி தார்கியே தன் சின்ன லாரியில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. பயந்தால் அவன் அப்படித்தான்.

டாக்டர் லுமோ என் பையைத் திறந்து, பிரிக்காத மாத்திரை அட்டைகளை மேஜைமேல் அடுக்கினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“ஜோமோ, ஒண்ணு சொல்றேன். இது அதைக் கொல்லாது. வளர விடாது, அவ்வளவுதான். நீங்களும் அதுவும் சேர்ந்தே கிழவியாகப் போறீங்க.”

“நிஜமாவா? இல்ல, எனக்காகச் சொல்றியா?”

“எனக்கு உங்களை ஏமாத்தணும்னு இல்ல. அதைக் கொல்ற மருந்து இருந்தா நான்தான் முதல்ல கொடுத்திருப்பேன்.”

வெறும் வயிற்றில் போட்டால் பாதி வீணாம். கொழுப்போடு சாப்பிட வேண்டுமாம். நிறைய வெண்ணெய் போட்டுக்கொள்ளச் சொன்னாள். இப்படி ஒரு பத்தியத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்புறம் முடி கொட்டலாம் என்றாள். தார்கியே என் மொட்டைத் தலையைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். சீனிங் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதியிருக்கிறாளாம். அறுவை தேவைப்படுமாம்.

மாலை முதல் மாத்திரை. மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் விழுங்கினேன். யாரிடம் சொன்னேன்?

ஏப்ரல் 19

மதியம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். திடீரென்று தேவதாரு இலை கருகும் வாசனை. யாரும் தூபம் போடவில்லை. திரும்பினால் — சாம்டென். மாவு மூட்டைக்குப் பக்கத்தில், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. மஞ்சள் கண் இல்லை. நன்றாக இருந்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள்.

பால் பொங்கி வழிந்தது. அவள் இல்லை.

ஏப்ரல் 20

தூக்கம் போதாததுதான். வேறென்ன.

ஏப்ரல் 27

மறுபடி. பிரார்த்தனைக் கூடத்தில். அதே வாசனை, அதே குடம். என் இடது கை விரல்கள் மரத்துப்போயின, பனியில் கையுறை இல்லாமல் இருந்த மாதிரி.

என்னைக் கூப்பிடுகிறாளா? மன்னிப்பு வாங்கி வந்தாயா என்று கேட்கிறாளா?

மே 3

பல்கியிடம் சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துப்போனாள். “ஆவியா நின்னுட்டா. என்மேல கோபம் அவளுக்கு” என்று ஜன்னல் பக்கம் விளக்கேற்றினாள். மூன்று வருடத்தில் அவள் சாம்டென் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. என் பக்கம் திரும்பாமலே கேட்டாள், “என்ன கேக்குறா?”

“ஒண்ணும் கேக்கல. நிக்கிறா.”

“கேட்டுட்டாலாவது பரவாயில்லையே டீ.”

மே 11

இன்று காலை அகப்பை கையிலிருந்து விழுந்தது. இடது கை தானாக இழுத்துக்கொண்டது. அப்புறம் எனக்கு எதுவும் தெரியாது. பல்கிதான் சொல்கிறாள் — தரையில் கிடந்தேனாம், வாயோரம் நுரையாம். சாம்டெனுக்கு வந்த அதே மாதிரி.

இதை எழுதும்போது கை நேராகத்தான் இருக்கிறது. எழுத்தும் கோணவில்லை. ஐயோ, எனக்குமா?

மே 12, மாவட்ட ஆஸ்பத்திரி

டாக்டர் லுமோ வாசனையைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். கையைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். சாம்டெனைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். பைத்தியம் என்று எழுதிவிட்டால்? பல்கிதான் பட்டென்று போட்டுடைத்தாள். “செத்துப்போன ஒருத்தி இவ கண்ணுக்குத் தெரியறா, டாக்டர். இது உங்க வைத்தியத்துல அடங்காது.”

டாக்டர் சிரிக்கவில்லை.

“எந்தப் பக்கம் நிக்கிறாங்க, ஜோமோ?”

“பக்கமா?” யோசித்தேன். மாவு மூட்டை. பிரார்த்தனைக் கூடத்துத் தூண். “இடது பக்கம்.”

“எப்பவுமேவா? ஒரு தடவைகூட வலது பக்கம் வந்ததில்லையா?”

“இல்ல.”

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “அப்ப தலையைப் படம் எடுக்கணும். இன்னிக்கே சீனிங் கிளம்புங்க.”

லாரியில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. சாம்டென் கடைசி மாதம் பார்த்துக்கொண்டிருந்த சுவர் — ஜன்னலோரப் படுக்கையில் அவளுக்கு அது இடது பக்கம்.

மே 15, சீனிங்

தலைக்குள் வலது பக்கம் ஒரு புள்ளி, பட்டாணி அளவு. இடது கையையும் இடது பக்கப் பார்வையையும் நடத்துவது அந்தப் பக்கம்தானாம். நுரையீரலில் இரண்டு சின்னப் புள்ளிகள். கல்லீரலில் இருப்பது பெரிய ரத்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

வேறு இடம் என்றால் எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

அறுவை டாக்டரின் பெயர் ஷெங். எங்கள் பேச்சு தெரியாது. தார்கியேதான் மொழிபெயர்க்கிறான். அவர் நீளமாகப் பேசினார். தார்கியே, “நல்லாயிடும்ங்கிறார்” என்று முடித்துவிட்டான்.

“அவ்வளவு நேரமா அதை மட்டும்தான் சொன்னாரா?”

முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு முழுவதையும் சொன்னான். முதலில் தலை. உடம்பு தேறியபின் கல்லீரல். நுரையீரலை மாத்திரை பார்த்துக்கொள்ளும். தலையைத் திறக்கும்போது இடது கை நிரந்தரமாகப் போகலாம். உயிரே போகலாம். செய்யாவிட்டால் சாம்டென் மாதிரி.

“நீ என்ன சொல்ற?” என்று கேட்டேன்.

“நான் என்ன சொல்றது? எனக்கு அக்கா ஒருத்திதான்.”

மே 21

நாளை. தலையை மழிக்க வந்த நர்ஸ் பெண் மொட்டையைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கத்தியோடு நின்றாள்.

மாலையில் வாசனை வந்தது. பயப்படாமல் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலருகே நின்றாள். நாளைக்குப் பிறகு இவள் வரமாட்டாள் என்று தோன்றியது. உன்மேல் தப்பில்லை, சாம்டென். நாகம் இல்லை, புழு. நாயிலிருந்து வந்தது. எனக்கும் வந்திருக்கிறது, பார்... இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். “சாம்டென்” என்பது வரைதான் வந்தது. அவள் கேட்டாளா தெரியவில்லை.

மே 30

உயிரோடு இருக்கிறேன். இடது கை தேநீர்க் கிண்ணத்தைப் பிடிக்கிறது, கொஞ்சம் தாமதமாக.

ஜூன் 9

வாசனை இல்லை. யாரும் இல்லை.

ஜூன் 14

டாக்டர் ஷெங்கிடம் கேட்கச் சொன்னேன். நான் பார்த்தது அவளையா, அந்தப் புள்ளியையா? தார்கியே கேட்கவே கூச்சப்பட்டான். டாக்டர் ஏதோ சொன்னார்.

“புள்ளியை எடுத்தது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்ங்கிறார், அக்கா.”

நல்ல மனிதர். எடுத்ததோடு அவளும் போய்விட்டாள். அது என் நோய் என்றுதான் இருக்கட்டுமே, அவள் முகம் எத்தனை தெளிவாக இருந்தது! இரண்டாம் முறை அவளை இழந்த மாதிரி இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? பிழைத்து வந்தவள் இப்படிச் சொன்னால் அடிப்பார்கள்.

செப்டம்பர் 26, சீனிங்

கல்லீரல் அறுவை முடிந்து எட்டாம் நாள் என்கிறார்கள். எனக்குக் கணக்கில்லை. வலது பக்கம் முழுக்க எடுத்துவிட்டார்கள். ரத்தக் குழாயோடு ஒட்டியிருந்த ஒரு துணுக்கை மட்டும் விட்டுவிட்டார்களாம், எடுத்தால் ரத்தம் நிற்காது என்று. ஆக, சேர்ந்தே கிழவியாகத்தான் போகிறோம். கல்லீரல் திரும்ப வளரும் என்கிறார்கள். சிரிக்க முடியவில்லை, தையல் இழுக்கிறது. பல்கியை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னேன். இரண்டே நிமிடம் இருந்தாள்.

நவம்பர் 18

மடம். வந்து பார்த்தால் எல்லாம் மாறியிருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாரும் தொடுவதில்லை. டாக்டர் லுமோ நாய்களுக்கு மருந்து கொடுத்திருக்கிறாள், மாதம் ஒருமுறை மாவில் வைத்து. இந்த மருந்து புழுவைக் கொன்றேவிடும். யார் வைப்பது என்று பிக்குணிகளுக்குள் பெரிய தயக்கம். பல்கிதான் முன்வந்தாளாம். “கொடுங்க, பாவம் என் கணக்குல சேரட்டும். ஏற்கெனவே இருக்கறதோட இருக்கட்டும்.” அடுத்த இரண்டு நாள் நாய்ப் பீயைப் பொறுக்கிப் புதைப்பதும் அவள்தான். மாவு இல்லை என்று திட்டியவள் இப்போது கறுப்பியை மடியில் பிடித்து வாயில் ஊட்டுகிறாள், “முழுங்குடி, உனக்கு வெண்ணெய் வேற கேக்குதா?” என்று. அப்புறம் கையைத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவுகிறாள்.

அவளும் ஸ்கேன் பார்த்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. அழுதாள். பிழைத்தோம் என்று அழுகிற அழுகையாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 6

சாம்டெனின் அக்கா ட்ருக்மோவைப் பற்றித் தார்கியே சொன்னான். அந்தக் குடும்பம் மேல் சரிவுக்குப் போய்விட்டதாம். அவர்கள் மாடு குடித்த பிறகு அந்தத் தண்ணீரைப் பக்கத்துக் கூடாரத்தார் தொடுவதில்லை. நாகத்தைச் சீண்டிய குடும்பம் என்று. இன்னுமா?

மே 24

போய்விட்டு வந்தோம். எழுதுகிறேன்.

நான் தனியாகப் போவதாகத்தான் இருந்தது. கிளம்பும்போது பல்கி லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். இறங்கு என்றேன். இறங்கவில்லை.

ட்ருக்மோ கூடார வாசலில் தயிர் கடைந்துகொண்டிருந்தாள். சாம்டெனுடைய அதே தாடை. எங்கள் செவ்வாடையைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“இப்ப என்ன? மறுபடி பால் ஊத்தணுமா?”

நான் தலைத்துணியை விலக்கித் தழும்பைக் காட்டினேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாய், எலி, தண்ணீர், கல்லீரல், தலை. சாம்டெனுக்கு வந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும். அவள் கடைவதை நிறுத்தவே இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப அவ பாவம் பண்ணல?”

“பண்ணல.”

மத்து நின்றது. “செத்த பிறகு வந்து சொல்றீங்க. உயிரோட இருந்தப்ப எத்தனை பேர் சொன்னீங்க, உன்னாலதான்னு? அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் நரகத்துக்குப் போவேனா அக்கான்னு கேட்டா. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? தெரியலன்னு சொன்னேன்.”

அப்போது பல்கி பேசினாள். “முதல்ல சொன்னது நான்.”

ட்ருக்மோ எழுந்து உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். எனக்கு ஊற்றினாள். தார்கியேவுக்கு ஊற்றினாள். பல்கியின் கிண்ணத்தைத் தாண்டிப் போனாள். பல்கி காலிக் கிண்ணத்தைக் கடைசிவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது நான் கேட்டேன், ஸ்கேன் வண்டி அடுத்த மாதம் கீழே வருகிறது, வருவாயா என்று. அவளும் சாம்டெனும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், அதே நாய், அதே தண்ணீர். அவள் மறுபடி கடைய உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 19

வந்தாள். வரிசையில் அவளைச் சுற்றி இடம் விட்டு நின்றார்கள். நான் போய் ஒட்டி நின்றேன். மறுபக்கம் பல்கி போய் நின்றாள். ட்ருக்மோ அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. விலகிப் போகவும் இல்லை.

டாக்டர் லுமோவின் சிரிப்பு மறுபடி நின்றது. நான் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னது. ஓரத்தில் இருக்கிறது. வேறெங்கும் போகவில்லை. முழுவதும் எடுத்துவிடலாம்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள் ட்ருக்மோ. “நீ ஏன் திடீர்னு என்னைத் தேடி வந்தே? சாம்டென் அனுப்பினாளா?”

அந்தப் புள்ளியைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தேன். அதில் யார் வந்தாள் என்று மட்டும் சொல்லவில்லை.

“ஆமா” என்றேன்.

பொய்யா? தெரியவில்லை. விரதத்தில் பொய்க்கும் இடமில்லை.

ஆகஸ்ட் 2

என் ஸ்கேன். விட்டுவைத்த துணுக்கு அப்படியே. நுரையீரல் புள்ளிகளில் ஒன்று மங்கிவிட்டது. மாத்திரை தொடர்கிறது.

ஆகஸ்ட் 30

ட்ருக்மோவுக்கு சீனிங்கில் அறுவை முடிந்து நான்கு நாள். நான் இன்னும் கனம் தூக்கக்கூடாது என்பதால் துணைக்குப் பல்கி போயிருக்கிறாள். ட்ருக்மோ வேண்டாம் என்றுதான் சொன்னாள். வேறு ஆள் கிடைக்கவில்லை.

மாலை போன் வந்தது.

“எழுந்து உக்காந்துட்டா. முழுசா எடுத்தாச்சாம். ஆனா இவகூட என்னால முடியல டீ. காலையிலிருந்து திட்டு. தேநீர்ல உப்பு இல்லையாம், தலையணை கல்லாம், எனக்கு நடக்கவே தெரியலையாம். அவளை நடத்திக் கூட்டிப்போறது நான்!”

பின்னால் இன்னொரு குரல். “யார்கிட்ட என்னைப் பத்திக் கோள் சொல்ற? போனை வை. பசிக்குது.”

பல்கி வைத்துவிட்டாள்.

அறையில் நான் மட்டும்தான். ஜன்னல் பக்கம் திரும்பி, “உங்க அக்கா பிழைச்சுட்டா” என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒன்றும் இல்லை, வாசனைகூட.

மாவில் வெண்ணெய் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். மாத்திரை போட்டாயிற்று.